2033-க்கு முன்னாடி டெல்டாவுக்கு ஒரு திட்டம் நம்ம கையில இருக்கணும்

(காவிரிப் படுகை மாவட்டங்களின் ஒன்றிய, கிளைப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை மாற்றாமல் பதிவிடுகிறோம்.)



நடவு நேரத்துல கூட்டம் போட்டுட்டோம். ஒருநாள் கூலியை விட்டுட்டு வந்தவங்க இங்க இருக்கீங்க. அதனால வரவேற்பு, வாழ்த்து எல்லாத்தையும் சுருக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நாம இப்ப உட்கார்ந்திருக்கிற இந்த மண்ணுக்கு அரசாங்கக் காகிதத்துல ஒரு பேர் இருக்கு. பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம். 2020 பிப்ரவரியில சட்டமன்றத்துல அதுக்குச் சட்டம் நிறைவேறுச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூணு மாவட்டமும் முழுசா உள்ளே வந்துச்சு. மயிலாடுதுறை அப்ப நாகையோட சேர்ந்திருந்துச்சு. கடலூர்லயும் புதுக்கோட்டையிலயும் சில ஒன்றியங்களைச் சேர்த்தாங்க. திருச்சி, கரூர், அரியலூரை வெளியே விட்டாங்க. அதே காவிரித் தண்ணியில விளையுற ஊருங்கதான் அதுவும். ஏன் விட்டாங்கங்கிறதுக்கு நமக்குத் திருப்தியான பதில் இன்னிக்கு வரைக்கும் வரலை.

அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தது நம்ம கட்சி இல்ல. ஆனாலும் அது நல்ல சட்டம்னு இந்த மேடையில சொல்றதுக்கு எனக்குத் தயக்கம் கிடையாது. யாரு கொண்டு வந்தாலும் அதை வர வச்சது இந்த மண்ணோட சனங்க. 2010-ல மீத்தேனுக்கு ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தப்ப, மீத்தேன்னா என்னன்னே பலபேருக்குத் தெரியாது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா நடந்து சொன்னார். 2013 டிசம்பர்ல, அந்தப் பிரசாரத்துல இருக்கும்போதே, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில அவர் உயிர் போச்சு. 2017-ல நெடுவாசல். அதே வருஷம் கதிராமங்கலம். குழாய் உடைஞ்சு வயல்ல எண்ணெய் பரவினதைப் பார்த்த சனங்க ரோட்டுல உட்கார்ந்தாங்க. அத்தனைக்கும் பிறகு வந்த சட்டம் இது.

சரி. இப்ப அந்தச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம். துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்குற ஆலை வரக்கூடாது. இரும்புத்தாது ஆலை வரக்கூடாது. தோல் பதனிடுற ஆலை, கப்பல் உடைக்கிற தொழில் வரக்கூடாது. எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயுவுக்குப் புதுசா துளை போடக்கூடாது. நல்லது. ஆனா அதே சட்டத்துல ஏற்கனவே நடந்துக்கிட்டிருக்கிற வேலையை இது பாதிக்காதுன்னும் எழுதியிருக்கு. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம் மாதிரி கட்டமைப்புப் பணிகளையும் பாதிக்காதாம்.

தோழர்களே, எது வரக்கூடாதுன்னு எழுதியாச்சு. எது இங்க இருக்கணும், 2050-ல இந்த வயல்ல யாரு நிப்பாங்க, எந்தத் தண்ணியை வச்சு நிப்பாங்கன்னு யாரும் எழுதலை. கொல்லைக்கு வேலி போட்டா மாடு உள்ள வராது. உள்ளே இருக்கிற பயிர் தானா காயுறதை வேலி தடுக்குமா?

2023 ஏப்ரல் மாசத்தை நினைச்சுப் பாருங்க. வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டின்னு மூணு நிலக்கரிப் பகுதிங்க ஒன்றிய அரசோட ஏலப் பட்டியல்ல இருந்துச்சு. வடசேரி நம்ம தஞ்சாவூர் மாவட்டம். பாதுகாக்கப்பட்ட மண்டலத்துக்குள்ள! முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்துல எல்லாக் கட்சியும் ஒரே குரல்ல எதிர்த்துச்சு, ஊருங்கள்ல சனங்க திரண்டாங்க. சில நாள்லயே அந்த மூணையும் ஏலத்துல இருந்து விலக்கிட்டதா ஒன்றிய அமைச்சர் அறிவிச்சார். ஜெயிச்சோம். ஆனா எப்படி ஜெயிச்சோம்னு கவனிங்க. சத்தம் போட்டு ஜெயிச்சோம். நிலக்கரி ஏலம் டெல்லி கையில இருக்கு, நம்ம சட்டம் சென்னையில இருக்கு. ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்க முடியுமா? நம்ம பேரப்பிள்ளைங்களும் ரோட்டுலயே உட்காரணுமா?

இன்னிக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது இனிமேதான்.

2018 பிப்ரவரி 16. காவிரி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட இறுதித் தீர்ப்பு வந்த நாள். பிலிகுண்டுலுல நமக்கு வர வேண்டிய தண்ணியை 192 டிஎம்சியில இருந்து 177.25 டிஎம்சியா குறைச்சாங்க. குறைச்ச அளவு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, பட்டிமன்றம் மாதிரி பேசுறோம். ஆனா ஏன் குறைச்சாங்கன்னு பேசறது இல்ல. குறைஞ்சது 14.75 டிஎம்சி. அதுல 10 டிஎம்சிக்குக் காரணமா நீதிமன்றம் சொன்னது நம்ம டெல்டா நிலத்தடி நீரை. உங்களுக்குக் கீழே தண்ணி இருக்கே, அதையும் கணக்குல சேர்த்துக்கணும்னு சொன்னாங்க.

வேதாரண்யத்துல இருந்து வந்த தோழர்கள் சிரிக்கிறீங்க. சிரிப்பு வராம என்ன செய்யும்? கீழையூர், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போர் போட்டா எத்தனை இடத்துல உப்புத்தண்ணி வருதுன்னு உங்களைக் கேட்டா தெரியும். இந்தப் பக்கம் கடல் நிலத்துக்கு அடியில உள்ளே வந்துக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் கீழே தண்ணி இருக்குன்னு தீர்ப்புல எழுதியிருக்கு.

அதே தீர்ப்புல இன்னொன்னும் இருக்கு. இந்தப் பங்கீட்டை 15 வருஷத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொன்னாங்க. 2018-ஓட 15-ஐக் கூட்டுங்க. 2033. அந்தக் கெடு முடியுற வருஷம் அது. அதுக்கப்புறம் இந்தப் பேச்சு மறுபடி கிளம்பும். கர்நாடகா சும்மா இருக்காது. பெங்களூரு வளர்ந்துக்கிட்டே போகுது, குடிதண்ணிக்கு அவங்க கேட்பாங்க. அவங்க மேல கோபப்பட்டு ஒண்ணும் ஆகப்போறது இல்ல. அவங்க கணக்கோட வருவாங்க. நாம எதோட போகப் போறோம்?

நடுவர் மன்றம் 2007-ல தண்ணியைப் பிரிச்சப்ப சாகுபடிப் பரப்பை வச்சுத்தான் கணக்குப் போட்டாங்க. தமிழ்நாட்டுக்கு 24.71 லட்சம் ஏக்கர்னு அப்ப எடுத்துக்கிட்டாங்க. அப்படின்னா அடுத்த தடவை மேசையில உட்காரும்போது முதல் கேள்வி என்னவா இருக்கும்? "உங்க ஊர்ல இப்ப எத்தனை ஏக்கர் சாகுபடி நடக்குது?" மனைப்பிரிவுக்குக் கல்லு நட்ட வயலை அதுல காட்ட முடியாது. உப்பு ஏறி நாலு வருஷமா தரிசா கிடக்கிற வயலைக் காட்ட முடியாது. இங்க ஒரு வேலி நிலம் பிளாட்டா மாறினா, அது அந்த மிராசுதாரோட சொந்த விஷயம் மட்டும் இல்ல. நாளைக்குக் கடைமடைக்கு வர வேண்டிய தண்ணியோட உரிமையில ஒரு துண்டு போகுது.

கும்பகோணத்துல இருந்து மன்னார்குடி போற வழியில வண்டியை நிறுத்திப் பாருங்க. கொடி கட்டியிருக்கும், "பேருந்து நிலையத்துக்கு மிக அருகில்"னு போர்டு இருக்கும். பேருந்து நிலையம் எங்கேயோ இருக்கும். அது பக்கத்துல வாய்க்கால் தூர்ந்து கிடக்கும். அந்த ஒரு மனைப்பிரிவுனால அதுக்குக் கீழே இருக்கிற இருபது, முப்பது மா நிலத்துக்குத் தண்ணி போறதும் நிக்குது, மழைத்தண்ணி வடியுறதும் நிக்குது. இப்ப அந்த நிலத்துக்காரன் என்ன செய்வான்? அவனும் விப்பான். நஞ்சையை மனையா மாத்த அனுமதி வாங்கணும்னு தனியா விதி இருக்கு. ஆனா நம்ம மண்டலச் சட்டத்தோட தடைப் பட்டியல்ல தாமிர ஆலை இருக்கு, மனை வியாபாரம் இல்ல. தாமிர ஆலை வந்தா ஊரே எதிர்க்கும். மனை வந்தா ஊர்ல பாதிப்பேர் புரோக்கர்! கட்சிக்காரங்களும் இருக்கீங்க, பெயர் சொல்லலை.

சாலையும் அப்படித்தான். நாலுவழிச் சாலை வேண்டாம்னு நாம சொல்லலை. பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போகணும், பிள்ளைங்க வேலைக்குப் போகணும், சாலை வேணும். ஆனா இந்த மண்ணு கிழக்கே கடலைப் பார்த்துச் சரிஞ்ச மண்ணு. குறுக்கே பத்தடி உசரத்துக்கு மண்ணைக் கொட்டி ரோடு போட்டா, அது ரோடு மட்டும் இல்ல, ஒரு கரை. வடிகால் இருந்த இடத்துல எல்லாம் போதுமான அகலத்துக்குப் பாலம் வைக்கலைன்னா ஐப்பசி, கார்த்திகையில மேற்கால இருக்கிற சம்பா முழுகும். சட்டத்துல சாலைக்கு விலக்கு கொடுத்த இடத்துல, "வடிகாலை அடைக்காம"ன்னு ரெண்டு வார்த்தை சேர்க்கணும். நம்ம கோரிக்கையில இது முதல் பக்கத்துல வரணும்.

இப்ப தண்ணியும் மண்ணும். மேட்டூர் அணை 1934-ல வந்துச்சு. 93.47 டிஎம்சி. அது இல்லாம குறுவை இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அணை தண்ணியை மட்டும் நிறுத்தலை, வண்டலையும் நிறுத்துச்சு. இந்த டெல்டாவே ஆறு கொண்டாந்து போட்ட வண்டல்தான். வரவு நின்னுபோன கணக்குல செலவு மட்டும் நடந்தா என்ன ஆகும்? கொள்ளிடத்துல மணலையும் வரைமுறை இல்லாம அள்ளினோம். ஆறு பள்ளமாச்சு, வாய்க்கால் தலைப்பு மேடாச்சு. ஆத்துல தண்ணி ஓடும், வாய்க்கால்ல ஏறாது. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? 1836-ல கட்டின அணை அது. 182 வருஷம் நின்னிருக்கு. அது கட்டின காலத்துல அவங்களுக்கு ஓட்டு பயமும் இல்ல, அஞ்சு வருஷக் கணக்கும் இல்ல, வெள்ளைக்காரனுக்கு வரி வேணும், அவ்வளவுதான். அவனோட வரிக்கே இவ்வளவு தூரம் யோசிச்சான்னா, நம்ம சோத்துக்கு நாம எவ்வளவு தூரம் யோசிக்கணும்?

நடக்கவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெண்ணாறு பக்கம் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் எல்லாத்துலயும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்ல வேலை நடந்துச்சு. காலநிலை மாற்றத்தை மனசுல வச்சுப் போட்ட திட்டம்னு சொன்னாங்க. கரையை உசத்தினாங்க, கதவணைகளைப் புதுப்பிச்சாங்க. நல்ல வேலைதான். ஆனா கதவணையைக் கட்டுறதுக்குக் கடன் கிடைக்கும், அதை ஏத்தி இறக்குற ஆளுக்குச் சம்பளம் கிடைக்காது. கடலோரக் கதவணை எதுக்கு இருக்கு? ஆத்துல தண்ணி குறையும்போது உப்புத்தண்ணி உள்ளே ஏறாம மூடணும். வெள்ளம் வரும்போது திறக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏத்தம் வந்தா அதை மூடுறதுக்கு அங்க ஆள் இருக்காரா? பழைய லஸ்கர் ஓய்வு பெற்றா அந்த இடத்துக்குப் புது ஆள் போடறாங்களா? முப்பது வருஷத் திட்டம்னு நான் சொல்றது பெரிய வரைபடம் இல்ல தோழர்களே. அந்த லஸ்கர் பணியிடமும் அதுல எழுதியிருக்கணும்.

கடல் பக்கம் இன்னும் ஒண்ணு. இறால் பண்ணை. 1990-கள்ல ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் நாகைக் கடலோரத்துல போராடினாங்க. 1996-ல உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிரா தீர்ப்புக் கொடுத்துச்சு. 2005-ல நாடாளுமன்றத்துல சட்டம் வந்து பண்ணைங்களைப் பதிவு பண்ணி நடத்தலாம்னு ஆச்சு. கோர்ட்டுல ஜெயிச்சது சட்டத்துல கரைஞ்சது. நம்ம மண்டலச் சட்டம் போராட்டத்துல ஜெயிச்சது. அதுவும் ஒரு திருத்தத்துல கரையலாம். எந்த அரசு வந்தாலும் கரைக்க முடியாத மாதிரி அது மேல சனங்களோட வாழ்க்கையைக் கட்டி வைக்கணும்.

வாழ்க்கைன்னு சொன்னேன். அதுக்கு வர்றேன், ஏன்னா இதைச் சொல்லலைன்னா மீதி எல்லாம் வெறும் பேச்சு.

யாரு உழறாங்க? இங்க இருக்கிறவங்கள்ல குத்தகைச் சாகுபடி பண்றவங்க கை தூக்குங்க. பாருங்க, பாதி மண்டபம். கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையில இருக்கிற ஐயரு நிலம், துபாயில இருக்கிற பாய் நிலம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லயே வந்தாச்சு. குத்தகை உரிமையைப் பதிவு பண்ற சட்டம் 1969-ல வந்தாச்சு. உங்கள்ல எத்தனை பேரு பேரு அந்தப் பதிவேட்டுல இருக்கு? எல்லாம் வாய்வார்த்தை. வெள்ளம் வந்து பயிர் அழுகினா, நிவாரணத்துக்கு அடங்கல்ல யாரு பேருன்னு பார்ப்பாங்க. பிஎம் கிசான் பணம் நிலம் யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். சேத்துல நின்னவனுக்கு ஒண்ணும் இல்ல. அவனோட மகன் ஏன் விவசாயத்துக்கு வரணும்? திருப்பூர் பஸ்சைப் பிடிப்பான். பிடிச்சுட்டான். இப்ப நடவுக்கு மேற்கு வங்கத்துல இருந்து ஆளு வர்றாங்க. அவங்களும் உழைக்கிற சனம்தான், அவங்க மேல எனக்குக் குறை இல்ல. ஆனா நிலத்துக்குப் பாதுகாப்பு, உழறவனுக்குப் பாதுகாப்பு இல்லைங்கிற சட்டம் எத்தனை நாளைக்கு நிக்கும்?

நடவு நடுற அம்மாக்களைப் பத்தி எந்தத் திட்டத்துலயும் ஒரு வரி இருக்காது. மெஷின் வந்துச்சு, நேரடி விதைப்பு வந்துச்சு. தண்ணி மிச்சமாகுது, அதை வேண்டாம்னு சொல்ல முடியாது. ஆனா வருஷத்துல இத்தனை நாள் நடவு, களை, அறுப்புன்னு இருந்த கூலி போச்சே, அதுக்குப் பதிலா என்ன? அலையாத்தி நடுற வேலை, வாய்க்கால் பராமரிக்கிற வேலை, விதை நெல் சேகரிக்கிற வேலைன்னு ஊரிலேயே வருஷம் பூரா கூலி கிடைக்கிற மாதிரி அந்தத் திட்டத்துல இடம் வேணும். திருத்துறைப்பூண்டியில நெல் ஜெயராமன் 170-க்கு மேல பாரம்பரிய ரகங்களை ஊர் ஊரா அலைஞ்சு சேர்த்தார். 2018-ல அவர் போயிட்டார். உப்பைத் தாங்குற ரகம், தண்ணியில முழுகினாலும் எழுந்திரிக்கிற ரகம் எல்லாம் அந்தக் கையிருப்புல இருக்கு. இனிமே வரப்போற காலத்துக்கு அதைவிடப் பெரிய சொத்து எது?

கொள்முதல் பத்திச் சுருக்கமா முடிச்சுக்கிறேன், உங்களுக்கே எல்லாம் தெரியும். 17 சதவீத ஈரப்பதம்னு டெல்லியில உட்கார்ந்து எழுதின விதி, ஐப்பசி மழையில அறுக்கிற குறுவைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வருஷமும் தளர்வு கேட்டு மனு போடுறதும், மத்தியக் குழு வந்து நெல்லை எடுத்துக்கிட்டுப் போறதும் ஒரு சடங்காவே ஆயிடுச்சு. கூரை போட்ட களமும் நெல் உலர்த்துற இயந்திரமும் கொள்முதல் நிலையத்துலயே இருந்தா மனுவே வேண்டாம். சிப்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற கதையை இன்னொரு நாள் பேசுவோம், அதுக்குத் தனிக் கூட்டம் வேணும்.

இந்த மண்டலத்துக்கு ஒரு ஆணையம் இருக்கு. முதலமைச்சர்தான் தலைவர். மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கு, கலெக்டர் தலைமையில. உங்க மாவட்டக் குழு கடைசியா எப்ப கூடுச்சுன்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு கை கூட இல்ல. அதுதான் நிலைமை. அந்தக் குழுவுல குத்தகை விவசாயி உட்காரணும், விவசாயத் தொழிலாளிப் பெண் உட்காரணும், கடைமடை ஊர்க்காரர் உட்காரணும். கூட்டத்தோட முடிவு ஊராட்சி அலுவலகப் பலகையில ஒட்டணும்.

முகநூல்ல விவசாயம் பண்ற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நல்லா எழுதுறீங்க, பகிர்றீங்க, நன்றி. இப்ப அந்த போனை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போங்க.

கட்சி இப்ப எடுத்திருக்கிற முடிவு இதுதான். அரசாங்கம் திட்டம் போடுற வரைக்கும் காத்திருக்காம, கிளை கிளையா நம்ம ஊர்க் கணக்கை நாமளே எடுக்கிறோம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துலயும் இப்ப எத்தனை ஏக்கர் நஞ்சை சாகுபடியில இருக்கு, எத்தனை ஏக்கர் தரிசு, தரிசுன்னா எந்த வருஷத்துல இருந்து, ஏன்? எந்த சர்வே நம்பர் மனை ஆச்சு? எந்த வாய்க்கால், எந்த வடிகால் எங்க அடைபட்டிருக்கு? எந்த போர்ல எந்த வருஷத்துல இருந்து உப்பு வருது, எத்தனை அடியில? குத்தகை பண்றவங்க எத்தனை குடும்பம், பதிவேட்டுல எத்தனை? கதவணைக்கு ஆள் இருக்காரா, இல்லையா? பெரியவங்களைக் கேளுங்க, பதிவேட்டையும் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ரெண்டையும் எழுதுங்க. கூட்டிச் சொல்லாதீங்க. நம்ம கணக்குல ஒரு பொய் இருந்தா, 2033-ல எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

மாற்றுக் கட்சிக்காரர் வீட்டு வயலையும் எழுதணும். அவர் கேட்டா இந்தத் தாளோட நகலைக் கொடுங்க. இதுல கட்சிக் கொடி வேண்டாம்.

படிவம் வாசல் மேசையில இருக்கு. ஊருக்கு மூணு எடுத்துக்கோங்க. ஒண்ணு கிளையில இருக்கட்டும், ஒண்ணு ஒன்றியத்துக்கு, ஒண்ணு ஊராட்சித் தலைவர் கையில கொடுத்து கையெழுத்து வாங்கிக்கோங்க. சம்பா அறுப்பு முடிஞ்சதும் பங்குனியில மறுபடி கூடுவோம், அப்ப படிவத்தோட வாங்க. சாப்பாடு தயாரா இருக்கு, பின்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் முதல் பந்திக்கு வாங்க. வணக்கம்.